ஒட்டுக்குக் கீழே

ஓய்வு பெற்ற நீதிபதி ஜம்புலிங்கத்தின் ஏற்காட்டு வீட்டில், ஓசூரிலிருந்து வரவழைத்த சிவப்பு ரோஜாச் செடி ஒன்று இருந்தது. ஆடி மாதம் அது வெள்ளையாகப் பூத்தது. அதுவும் சுண்டைக்காய் அளவில், கொத்துக் கொத்தாக.

தோட்ட வேலை செய்யும் அங்காயியைக் கூப்பிட்டார்.

“என் செடியைத் திருடிட்டு, காட்டுச் செடியை நட்டு வச்சிருக்கே. சாயங்காலத்துக்குள்ள என் செடி வரணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது. போலீசையும் கூப்பிடுவேன்.”

“திருட்டு நடந்தது நெசந்தானுங்கய்யா,” என்றாள் அங்காயி. “திருடன் இங்கதான் நிக்கறான். வாங்க, காட்டறேன்.”

நீதிபதி வந்தார். பின்னால் அவர் மனைவியும் வந்தாள்.

அங்காயி செடியடியில் மண்ணை விலக்கினாள். ஒட்டுப் போட்ட முடிச்சு தெரிந்தது. முடிச்சுக்கு மேலே சிவப்பு ரோஜாவின் குச்சி, கடைக்காரர் கட்டிய சீட்டோடு வாடி நின்றது. கீழே, ஒட்டுக்கு அடியாக வைத்த காட்டு ரோஜாவிலிருந்து கிளம்பிய கிளைதான் ஆள் உயரம் வளர்ந்து பூத்திருந்தது.

“இவன்தானுங்க. மேல போற சத்தையெல்லாம் கீழேயே தின்னுட்டான். சித்திரையிலேயே பிடிச்சு உங்க முன்னால நிறுத்தினேன். ‘தளதளன்னு வளர்றதை வெட்டாதே’ன்னு நீங்கதான் ஜாமீன்ல விட்டீங்க.”

நீதிபதியின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அங்காயி வாடிய குச்சியை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை இருந்தது.

“இன்னும் உயிர் இருக்குதுங்க.”

ஜம்புலிங்கம் வெள்ளையாகப் பூத்த கிளையைக் காட்டினார்.

“இவனை வெட்டிடு,” என்றார். “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா. மத்த செடியையும் பார்த்துடலாம்.”