முதலாளி கட்டிய பட்டை

தேனியில் ஒரு பஸ் முதலாளி, டிரைவர்களின் களைப்பைக் கண்டுபிடிக்க இதயத்துடிப்பு அளக்கும் பட்டையை வாங்கினார். இரண்டு நாளாகத் தூங்காமல் லீவு கேட்ட டிரைவர் மாயாண்டிக்குத் துடிப்பு மெதுவாகக் காட்டியது.

“பதற்றமே இல்லையேடா! லீவு கிடையாது, மூணாறு டிரிப் எடு.”

“அது தூக்கக் கலக்கம் முதலாளி. பஸ் நிறைய சனம். கண் செருகினா பள்ளம்தான்.”

“மெஷின் பொய் சொல்லாது. என்னைப் பாரு, என் துடிப்பு எதுக்கும் அசையாது” என்று முதலாளி பட்டையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார்.

“சரிங்க, இப்பவே கிளம்பறேன். மெஷினே சொன்ன பிறகு என்ன பயம்? நீங்களும் வீட்டம்மாவும் முன்சீட்டில வாங்க. மலைக்காத்து நல்லாயிருக்கும்.”

முதலாளி வாய் திறக்குமுன், துடிப்பு எகிறியதில் மெஷின் கீச்சிட்டது. பஸ் ஷெட்டே சிரித்தது.

பட்டையை அவசரமாக அவிழ்த்தபடி அவர் சொன்னார்: “போய்ப் படுத்துத் தூங்குடா.”