முதலில் அணைய வேண்டிய விளக்கு

தணிகாசலம் திட்டத் தாளில் ‘மூன்று இரவு’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘ஒரு இரவு’ என்று எழுதினார். தீவுக்குச் சூரிய மின்சாரம் கொண்டுவரும் திட்டத்துக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர்.

“ஒரு ராத்திரிக்கு பேட்டரி இருந்தா போதும். கரண்ட் போகவே போகாது. ஊர் சார்பா கையெழுத்துப் போடும்மா.”

சுவிட்ச் அறையைப் பார்த்துக்கொள்ளும் மிக்கேலம்மாள் பேனாவைத் தொடவில்லை. “கார்த்திகையில மூணு நாள் சேர்ந்தாப்ல வானம் மூடிக்கிடும் சார். ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ்ல பிள்ளைகளோட தடுப்பூசி இருக்கு. கரையிலேர்ந்து கரண்ட் கம்பியும் கிடையாது.”

“மூணு நாள் வெயில் வராதுன்னு எழுதித் தர்றியா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“வானத்துக்கு நான் எப்படி ஜாமீன் நிக்கிறது சார்? வேணும்னா இதை எழுதித் தர்றேன்.” அவள் இன்னொரு தாளை எடுத்தாள்.

பேட்டரி தீரும் நிலை வந்தால் எந்த இணைப்பை முதலில் துண்டிப்பது என்ற பட்டியல் அது. வெறுமையாக இருந்த முதல் வரியில் ‘விருந்தினர் மாளிகை’ என்று எழுதி நீட்டினாள்.

“கார்த்திகைத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் தங்கப்போற இடம்மா அது!”

“போகவே போகாதுன்னீங்களே சார். அப்புறம் எதை எழுதினா என்ன? நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. தணிகாசலத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அவர் பழைய தாளை இழுத்து, ‘ஒரு’ என்பதை அடித்து, ‘மூன்று’ என்று எழுதினார். மிக்கேலம்மாள் அதன் கீழே கையெழுத்திட்டாள்.

கூடுதல் பேட்டரிகளுக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்று அவர் நின்றபடியே கணக்குப் போடத் தொடங்கினார். அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவள் அவருக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.