டிக்குன்னு சத்தம் வருது, சீட்டு தொறக்கல

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரே ஒரு ஸ்கூட்டர். ஊரு பண்ருட்டி. அக்கா பேரு சுடர்க்கொடி. தம்பி பேரு நன்மாறன். ஸ்கூட்டருக்குப் பேரு வைக்கல, ஆனா அதுக்கு அந்த வீட்ல நடந்த மரியாதை சுடருக்கு நடக்கல. கேக்கறியா?

"ம்."

போர்வையை உதைக்காத. சரி. சுடர் மூணு வருஷம் காலேஜுக்கு பஸ்லதான் போனா, நின்னுக்கிட்டே. ஒரு வண்டி வாங்கித் தாங்கப்பான்னு கேட்டா, "எதுக்கும்மா, பஸ்ஸு வாசல்லயே நிக்குதே"ன்னாரு அப்பா. அப்புறம் மாறன் காலேஜ்ல சேந்தான். சேந்த அடுத்த வாரமே வாசல்ல புது ஸ்கூட்டர்! பஸ்ஸு அப்பவும் அதே வாசல்லதான் நின்னுச்சு. ஆனா அது யாரு கண்ணுக்கும் தெரியல.

அந்த வண்டில ஒரு விசேஷம். சீட்டைத் தொறக்க சாவியைப் போட்டுத் திருக வேணாம். ஹேண்டில் கிட்ட ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா போதும். டிக்! சீட்டு தானா எழும்பும். மாறன் தெருவுல யாரு போனாலும் அமுக்கிக் காட்டுவான். பால்காரருக்கு ஒரு டிக். எதிர்வீட்டு டீச்சருக்கு ரெண்டு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் சுடருக்கு வயிறு எரியும். வண்டியைத் தொடைக்கச் சொன்னா, பின்பக்கத்தை மட்டும் தொடைக்காம விட்டுடுவா. இந்த டிக்கு ஒரு நாளாவது நின்னு தொலையாதான்னு நெனப்பா.

"சித்தி, பொறாமைப்படறது தப்புன்னு மிஸ் சொன்னாங்க."

சொல்லுவாங்க. பொறாமைப்படாதன்னு எப்பவும் யாரு சொல்றா? கெடச்சவங்க. கெடைக்காதவ ஏன்னு ஒரு கேள்வி கேட்டா, உடனே அதுக்குப் பேரு பொறாமை. சுடருக்கும் பொறாமை இருந்துச்சுதான், நான் மறைக்கல. ஆனா அது எங்கேந்து வந்துச்சுன்னும் கேக்கணும்ல?

"ம்."

அப்புறம், சுடரை மேல படிக்க கடலூர் காலேஜ்லேந்து கூப்பிட்டாங்க. காலைல பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோட நேர்ல வரணும், இல்லன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். சரி, அன்னிக்கு ஒரு நாள் வண்டியை நீ எடுத்துக்கன்னாரு அப்பா. மாறன் மூஞ்சி சுருங்கிச்சு. சுடர் என்ன பண்ணினா, முந்தின நாள் மத்தியானமே சர்டிபிகேட் ஃபைலை சீட்டுக்கடியில வச்சு மூடிட்டா. பஸ்ல எடம் புடிக்க ஜன்னல் வழியா துண்டு போடுவாங்கல்ல, அந்த மாதிரி.

விடிஞ்சுது. ஏழு மணி. எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கலாம்னு பட்டனை அமுக்கினா. டிக். சீட்டு எழும்பல. டிக், டிக். ம்ஹூம்.

முதல்ல மாறன் வந்தான். "உனக்கு அமுக்கத் தெரியல, தள்ளு." டிக்டிக்டிக்டிக்... முப்பது டிக் அமுக்கினான். சீட்டோட ஓரத்தைப் புடிச்சு மேல இழுத்தான். வரல.

அப்புறம் அப்பா வந்தாரு. "பேட்டரி போயிருக்கும்."

"பேட்டரி போயிருந்தா ஹாரன் எப்படிப்பா அடிக்கும்?" சுடர் அமுக்கினா. பீஈஈம்! ரோட்ல போன மாடு நின்னு திரும்பிப் பாத்துச்சு.

"வாய் மட்டும் நல்லாப் பேசு"ன்னுட்டு அவரும் இழுத்தாரு. வரல.

அம்மா உள்ளேந்து வந்தாங்க. "தெனம் அந்த வண்டியை அப்படிப் பாப்பியே, உன் கண்ணுதான்டி பட்டிருக்கு!"

"என் கண்ணுக்கு அவ்ளோ சக்தி இருந்தா, மூணு வருஷத்துல பஸ்ல ஒருத்தராவது எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்திருப்பாங்கம்மா!"

வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. உள்ளுக்குள்ள அவளுக்கே சந்தேகம். டிக்கு நின்னு தொலையட்டும்னு நெனச்சது அவதானே? ஆனா டிக்கு நிக்கல பாரு, சீட்டுதான் நின்னுடுச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

மூணாவதா மெக்கானிக் ஜெபராஜ் அண்ணன் வந்தாரு. மணி எட்டே கால். முன்னாடி மூடியைக் கழட்டி, ஃபியூஸை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு. அவரும் ஒரு இழு இழுத்தாரு. "உள்ள கொக்கி சிக்கிக்கிச்சு சார். கம்பி விட்டு நெம்பிடலாம். சீட்டு கிழிஞ்சாலும் கிழியும்."

அப்பா பதறிட்டாரு. "ஐயையோ, புது சீட்டுங்க! இருக்கட்டும், நாளைக்கு ஷோரூம் கொண்டு போயிடலாம்."

"நாளைக்கா? பத்து மணிக்கு என் எடம் போயிடும்பா!"

"ஒரு போன் போட்டுச் சொல்லேன்மா. புது வண்டிம்மா..."

அப்போ வந்துச்சு பாரு சுடருக்கு ஒரு பொறாமை! இதுவரைக்கும் தம்பி மேல பட்டா. இப்போ அந்த சீட்டு மேலயே பட்டா. அது கிழிஞ்சிடக் கூடாதுன்னு துடிக்க ஒரு ஆளு இருக்காரே! கண்ணு கலங்கிடுச்சு. அழறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கீழ குனிஞ்சா.

சொட்.

சீட்டு இடுக்குலேந்து வெள்ளையா ஒரு சொட்டு விழுந்துச்சு. இன்னொன்னு. சொட். கப்புன்னு ஒரு புளிச்ச வாசனை.

சுடர் நிமுந்து மாறனைப் பாத்தா. மாறன் மேகத்தைப் பாத்தான்.

"டேய், உள்ள என்னடா வச்ச?"

"மாவு."

"என்ன மாவு?"

"இட்லி மாவு. நேத்து சாயங்காலம் அம்மா மில்லுல அரைச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்கல்ல? தூக்குச்சட்டியோட உள்ள வச்சேன். மேட்ச்சுக்கு நேரமாச்சா... எடுக்க மறந்துட்டேன்."

"வாங்கியாச்சுன்னு சொன்னியேடா!"ன்னாங்க அம்மா.

"வாங்கினேன்ல? வீட்டுக்குள்ள வச்சேன்னு சொன்னேனா?"

"ஃபைல் மேலயே வச்சியா? சீட்டு எப்படிடா மூடிச்சு?"

"மூடல. மேல ஏறி உக்காந்து மூடினேன்."

அவ்ளோதான், சுடருக்கு வெளங்கிடுச்சு. தூக்கு ஏற்கெனவே முட்டிக்கிட்டு இருந்திருக்கு. விடியறதுக்குள்ள மாவு புஸ்ஸுன்னு பொங்கி, தூக்கு மூடியைத் தள்ளி, சீட்டை அடியிலேந்து நெட்டுது. நெட்ட நெட்ட கொக்கி இறுகுது. டிக்குன்னு விடத்தான் பாக்குது, விட முடியல. இதுல இவங்க மூணு பேரும் வேற மேல இழுக்கறாங்க!

"இழுத்தது போதும், நகருங்க. உக்காந்து மூடினதை உக்காந்துதான் தொறக்கணும்."

தொம்முன்னு ஏறி, மொத்த கனத்தையும் போட்டு உக்காந்தா. "சீட்டு, சீட்டு!"ன்னாரு அப்பா. அவ காதுல வாங்கல. பட்டனை அமுக்கினா. டிக். அமுக்கின விரலை எடுக்காம, ஒரே தாவா எறங்கினா.

டப்!

சீட்டு எகிறிச்சு. தூக்கு மூடி டங்குன்னு தெறிச்சுது. மாவு சளக்குன்னு மாறன் சட்டைல விழுந்துச்சு.

"ஹிஹி!"

சிரிக்காத, தூக்கம் போயிடும். ஃபைல் பூரா மாவு. சுடர் மாவை வழிச்சு எறிஞ்சா. ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையா பிரிச்சுப் பாத்தா. கடைசி மார்க் ஷீட்ல ஒரு மூலை மட்டும் ஊறியிருந்துச்சு. பேரு தெரியுது, மார்க்கு தெரியுது.

"வண்டி பூரா மாவுக்கா, கழுவிட்டுத் தரேன்"னான் மாறன்.

"நீ கழுவறதுக்குள்ள பத்து ஆயிடும். சாவியைக் குடு."

புர்ர்ருன்னு கெளம்பிட்டா. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடலூர்ல நின்னா. சர்டிபிகேட் சரிபாத்தவரு மூக்கைச் சுருக்கி, "என்னம்மா, புளிச்ச வாசனை?"ன்னாரு. "காலை டிபன் சார்"னா. கையெழுத்து போட்டாரு. எடம் கெடச்சுது!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. சாவியை அப்பா கைல குடுக்கல. "ரெண்டு வருஷம் கடலூர் போகணும்பா. வண்டி யாருக்குன்னு இப்பவே பேசிடலாம்"னா. எட்டு மணி வரைக்கும் பேசினாங்க. சுடர்தான் நெறைய பேசினா. கடைசில திங்கள், புதன், வெள்ளி சுடருக்கு. செவ்வாய், வியாழன், சனி மாறனுக்கு.

"அப்போ சுடருக்குப் பொறாமை போயிடுச்சா?"

பாதி போச்சு. பாதி வண்டிதானே கெடச்சுது?

"ஞாயித்துக்கிழமை யாருக்கு?"

அதுக்குத்தான் அங்க இன்னும் சண்டை நடக்குது. அவங்க முழிச்சிருந்து சண்டை போடட்டும். நம்ம கதையை இதோ இழுத்து மூடியாச்சு. நீ தூங்கு.

"..."