நிலாவுக்குப் போன கட்டளை

கோத்தகிரியில், மூடுபனி ஜன்னல் வழியே நுழைந்து மேசைகளுக்கு நடுவே உலாவும் ஓர் அலுவலகம். அங்கே மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பது மாதேவியின் வேலை.

"இங்கிருந்து கட்டளை கொடுத்தா, எங்கேயோ இருக்கிற சர்வர் கம்ப்யூட்டர் தானா செஞ்சு முடிச்சிடும். பத்தாயிரம் கட்டளையில ஒண்ணுகூடத் தோற்கலை!" மென்பொருளை வாங்க வந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹலீமாவிடம் பீற்றிக்கொண்டார் இயக்குநர் சிவசைலம். பிறகு மாதேவியிடம் திரும்பினார். "நீதான் நம்பமாட்டேங்கறே. இப்பவே ஒரு தோல்வியைக் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"தோல்வி எதுக்குங்க சார்? வெற்றியே காட்டுறேன்," என்றாள் மாதேவி.

'ஸ்கேன் படங்களை நிலாவில் உள்ள சர்வரில் சேமி' என்று கட்டளை அடித்தாள். கனவில் வருவதுபோலப் பனி திரையைத் தடவி விலகியது. பச்சை எழுத்து மெல்ல மலர்ந்தது: 'வெற்றி'.

"பார்த்தீங்களா!" என்று கைதட்டினார் சிவசைலம்.

"நிலாவுல நமக்கு சர்வர் இருக்குங்களா சார்?"

தட்டிய கை அந்தரத்தில் நின்றது. கட்டளையை வாங்கியதுமே வெற்றி என்று எழுதிவிடுகிற மென்பொருள், வேலை முடிந்ததா என்று திரும்பிப் பார்த்ததே இல்லை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து, மாதேவியைக் காட்டினார். "இவங்க சரின்னு சொன்னதும் கூப்பிடுங்க. ஸ்கேன் பார்க்க அவ்வளவு தூரம் என்னால போக முடியாது."