ஆத்தா இன்றைக்கு எப்படி இருக்கிறாள்

"யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிச் சாத்திடறீங்களே ஐயா" என்றான் விருத்தகிரி.

உலகநாதப் பூசாரி அப்போதுதான் வரிசையில் வந்த ஒருத்தியிடம் அரளிச் சரம் ஒன்றை வாங்கியிருந்தார்.

"ஆமாம்" என்றார்.

"இன்னைக்கு ராஜராஜேஸ்வரி அலங்காரம். கிரீடத்திலேருந்து பாதம் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன். இதுக்கு மேல வாடின அரளியைப் போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"அழகு போயிடும்."

பூசாரி சரத்தை அம்மனின் தோளில் சாத்தினார். அடுத்த ஆள் நீட்டிய வேப்பிலைக் கொத்தை வாங்கத் திரும்பினார்.

விருத்தகிரி கடலூரில் ஒரு பட்டுக்கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தவன். நாற்பது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, அங்காளம்மனுக்கு அலங்காரம் செய்யக் கற்க வந்தான். போன நவராத்திரி முழுக்கப் பூசாரிக்குப் பக்கத்தில் நின்று ஊக்கு எடுத்துக் கொடுத்தான். இந்த வருஷம், "நீயே கட்டு. சரியா வந்தா இனிமே இது உன் பொறுப்பு" என்று பூசாரி விலகிக்கொண்டார்.

அன்று விடியுமுன் கட்ட ஆரம்பித்தான். பச்சைப் பட்டு விசிறியாக விரிந்தது. பெட்டியிலிருந்த நகையெல்லாம் ஏறியது. திரை விலகியதும் கூட்டம் "ஆத்தா!" என்று அலறியது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வரிசை, கோயில் தேர் நிற்கும் தேர்முட்டியைத் தாண்டிப் போயிற்று.

சாயங்காலம் அந்த வரிசையில் ஒரு பெண் தங்கையின் தோளைப் பிடித்தபடி வந்து நின்றாள். அவள் பெயர் அஞ்சுகம்.

"ஆத்தா இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"ராஜராஜேஸ்வரி அலங்காரம்மா. பார்த்துட்டு நகருங்க" என்றான் விருத்தகிரி.

"அக்காவுக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாதுங்க" என்றாள் தங்கை.

அவன் குங்குமத்தை எடுத்து நீட்டினான். அஞ்சுகம் வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

பூசாரி தீபத்தட்டைக் கீழே வைத்தார்.

"கேக்கிறாங்கல்ல, சொல்லு."

"பின்னாடி கூட்டம் நிக்குதுய்யா."

"நிக்கட்டும்."

விருத்தகிரி தொண்டையைச் செருமிக்கொண்டான். "பச்சைப் பட்டு கட்டியிருக்கும்மா. அரக்குக் கரை."

"பச்சைன்னா எப்படி இருக்கும்?"

அவன் புடவையைத் திரும்பிப் பார்த்தான். பட்டுக்கடையில் பச்சையிலேயே பத்து விதம் பொம்மைகளுக்குக் கட்டியவன் அவன்.

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நடவு வயல்ல இறங்கினா கால்லேருந்து ஒரு குளிர்ச்சி ஏறும் பாரு தாயி. அதான் பச்சை."

"துளசியைக் கிள்ளினா வாசனை வருமே, அதுவும்தான்" என்றது இன்னொரு குரல்.

அஞ்சுகத்தின் முகம் மலர்ந்தது. "அப்படியா கட்டியிருக்கா!"

யாரும் நகரச் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கிரீடம் வச்சிருக்கு" என்றான் விருத்தகிரி. அவன் குரல் தணிந்திருந்தது. "நல்ல உயரம். கல்லு வச்சது."

"பாரமா இருக்காதா அவளுக்கு?"

"பின்னால முட்டுக் கொடுத்துக் கட்டியிருக்கேன்மா. பாரம் தெரியாது."

"நல்லது செஞ்ச. கையில?"

"ஒரு கையில கரும்பு. ஒரு கையில பூ."

"மூக்குத்தி?"

"போட்டிருக்கு. விளக்கு ஆடினா அதுவும் மினுங்குது."

அஞ்சுகம் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். கேட்டதையெல்லாம் உள்ளே வாங்கி அடுக்குகிறவள்போல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

பிறகு கேட்டாள்.

"சிரிக்கிறாளா?"

விருத்தகிரி குங்குமத் தட்டைக் கீழே வைத்தான்.

விடியற்காலையிலிருந்து அந்த முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தான். நெற்றிச்சுட்டி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தான். புருவம் ஒன்றுபோல் வந்திருக்கிறதா என்று பார்த்தான். ஒட்டியாணம் இறங்கிவிடாமல் இருக்கிறதா என்று நொடிக்கொருதரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பூசாரியின் பக்கம் திரும்பினான். பூசாரி தீபத்தட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"கொஞ்சம் இரும்மா" என்றான் விருத்தகிரி. "பார்த்துச் சொல்றேன்."