குதிரை ஏன் தண்ணியை ஊதிப் பாக்குது

அதெல்லாம் இல்லட்டி சங்கரவடிவு. மாடு குடிக்கும், அதனால குதிரையும் குடிக்கணும்னு நீ சொல்லுததுல ஒரு நியாயமும் இல்ல. நேத்துத் தண்ணி மேல இன்னைக்குத் தண்ணியை ஊத்திட்டா அது இன்னைக்குத் தண்ணி ஆயிருமா? ஊசிப்போன குழம்புல புதுசா ரெண்டு கரண்டி ஊத்திட்டு உன் மாமியாருக்குப் பரிமாறிப் பாரேன், என்ன நடக்குன்னு. நம்ம வண்டிக் குதிரை காலையிலருந்து வாளிக்குள்ள மூக்கை விட்டு ஊதி ஊதிப் பாத்துட்டு, தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கு. நீ அதைத் திமிருன்னு சொல்லுத. திமிரு இல்ல. அது வழிவழியா வந்த ஒரு துக்கம். நம்பமாட்டேன்னா சரி, கதையைக் கேட்டுட்டு நம்பாம இரு.

அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் பேச்சு உண்டு. ஆடு பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. கழுதைக்கு அடுத்தவங்க பேச்சுல குறுக்க விழாட்டா தூக்கம் வராது. எருமை ரெண்டு வார்த்தை பேசி முடிக்கதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். ஒருநா குளத்துக் காவக்காரன் எருமைகிட்ட கேட்டானாம், "ஏ, இந்தக் குளத்துலதான் குளிக்க, இதுலதான் மோளுத, இதையேதான் குடிக்க. உனக்குக் கூச்சமா இல்லியா?"ன்னு. எருமை யோசிச்சுது. மறுநா சாயங்காலம் பதில் சொல்லிச்சாம், "தெரிஞ்ச தண்ணிதானே"ன்னு. அதுக்கப்புறம் அவன் அதுகிட்ட ஒண்ணுமே கேக்கல.

குதிரை அப்படி இல்ல. அளந்து பேசும், மரியாதையாப் பேசும். அப்பல்லாம் கடிவாளமே கிடையாது. இந்தப் பக்கம் வான்னா வரும். முடியாட்டா, "முடியாதுய்யா, முன்னங்கால் வலிக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லிரும். பேசுத வாய்க்கு எதுக்கு இரும்பு?

ஆனா குதிரைக்குப் பொறப்புலயே ஒரு குறை உண்டு. கண்ணு ரெண்டும் தலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு இருக்கு பாரு. வால்கிட்ட வார ஈ அதுக்குத் தெரியும். காட்டுக்கு அந்தக் கடைசியில வார ஆளு தெரியும். தன் வாய்க்கு நேர் கீழ என்ன கிடக்குன்னு மட்டும் தெரியாது. தொட்டிக்குள்ள குனிஞ்சுட்டா அது குருட்டுத் தண்ணிதான். அதனால ஒரு வழக்கம் வச்சிருந்துது. வாயை வைக்கதுக்கு முன்னால தொட்டிக்காரங்களைப் பாத்து, "தொட்டி கழுவியாச்சா?"ன்னு கேக்கும். அவுக "ஆச்சு"ம்பாக. பிறகு மோந்துகூடப் பாக்காது, நேரா உறிஞ்ச ஆரம்பிச்சிரும். மனுசன் கண்ணைத் தன் கண்ணா நினைச்சுக்கிட்டுக் குடிச்சுது.

கடல்கரையில இருந்து மலைக்கு உப்பு போற பாதையில, பாதி வழியில ஒரு சாவடி. அங்க ஒரு கெணறு, ஒரு கல்தொட்டி. ஒத்தைக் கல்லுல குடைஞ்ச தொட்டி, ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாம். அடியில ஒரு ஓட்டை, அதுக்கு வேப்பங்கட்டையில அடைப்பு. அந்தத் தொட்டிக்குக் காவலா இருந்தவ பேரு ஆவுடை.

விடியுமுன்ன அவ எந்திரிச்சு அடைப்பைப் பிடுங்குவா. மிச்சத் தண்ணியெல்லாம் ஓடணும். பிறகு உள்ள இறங்கி, சாம்பலும் தேங்காநாருமா வச்சு மூலை மூலையாப் பாசியைத் தேய்ப்பா. அலசுவா. கையை வச்சு வழுக்குதான்னு பாப்பா. வழுக்குச்சுன்னா மறுபடியும் தேய்ப்பா. அதுக்கப்புறம்தான் கெணத்துல இறைச்சு நிறைப்பா. குதிரைகளுக்கெல்லாம் அவளைத் தெரியும். மலைமேல நிக்கிற குதிரைகூட, "ஆவுடை தொட்டி வரைக்கும் தாக்குப் பிடிச்சுருவோம்"னு சொல்லுமாம்.

அதுல செவலைன்னு ஒரு பொட்டைக் குதிரை. ஆவுடையை மதினின்னுதான் கூப்பிடும். ஆவுடைக்கும் அது மதினிதான். அது சும்மா வந்த உறவு இல்ல. ஆவுடைக்குப் பிரசவ வலி கண்டப்ப சாவடியில ஒரு ஈ காக்கா கிடையாது, புருசன் வடக்க கல்லு உடைக்கப் போயிருந்தான். உப்பு ஏத்திக்கிட்டு வந்த செவலைதான், "மூட்டையைத் தள்ளி விட்டுட்டு நீ ஏறு மதினி"ன்னு சொல்லி, வயித்துப் பிள்ளை அலுங்காம நடந்து மருத்துவச்சி வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்துச்சு. செவலைக்கும் அப்ப வயிறு. "ரெண்டு வயித்துக்காரி, ஒருத்தி மேல ஒருத்தியா"ன்னு மருத்துவச்சி சிரிச்சிருக்கா. அவ பெரிய வாயாடி. அவ கையில பொறந்த பிள்ளைக எல்லாம் பொய்யே பேசாதாம், அதனாலயே ஒண்ணுக்கும் சம்பந்தம் கூடலைன்னு சொல்லுவாக. அது கிடக்கட்டும், அது வேற கதை. ஆவுடைக்கு மகள் பொறந்தா. பிறகு செவலைக்கு ஒரு குட்டி, அந்திக் கருக்கல்ல பொறந்ததால கருக்கல்னே பேரு. நடக்க ஆரம்பிச்ச நாள்லருந்து அம்மா பின்னாலயே உப்புப் பாதையில ஓடி வரும்.

அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. தொட்டிக்கு நிழலா நின்ன புங்கமரம் கரிஞ்சுது. அதுக்குப் பக்கத்துல, சாவடிச் சாமிக்குப் பூ வேணும்னு ஆவுடை வச்ச அரளி மட்டும் பச்சையா நின்னுது. ஆடு கடிக்கல, மாடு கடிக்கல. அந்தப் பஞ்சத்துலயும் ஒரு செடியை ஒரு வாயும் தொடலைன்னா ஏன்னு யோசிக்கணுமில்லியா. ஆவுடை அதைக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னு விட்டுட்டா.

கெணத்துத் தண்ணி அடிமண்ணுக்குப் போச்சு. உப்புக் குதிரைக வரத்தும் குறைஞ்சுது, என்னைக்காவது ஒண்ணு வரும். ஆனா ஊர்ப் பொம்பளைக குடத்தோட விடியுமுன்னமே வந்து உக்காந்துருவாக. அவுக கண்ணு முன்னால ஆவுடை அடைப்பைப் பிடுங்கணும். பாதித் தொட்டித் தண்ணி கொடகொடன்னு மண்ணுல ஓடணும். ஓடுதது தண்ணி மாதிரியா இருக்கும், ரத்தம் மாதிரில்லா இருக்கும்.

அந்தப் பொம்பளைகள்ல தங்கப்பழம்னு ஒருத்தி. வாய்க்காரி. அவ புள்ளைக்குக் காய்ச்சல் வேற.

"ஏ ஆவுடை, தொட்டியைக் கழுவுனது போதும், உன் மதினிக்கு மஞ்சளும் தேய்ச்சு விடுவியோ?"ன்னா.

எல்லாரும் சிரிச்சாக.

"மிச்சத்தை நீங்க மொண்டுக்கிடுங்க, நானா வேண்டாங்கேன்?"ன்னா ஆவுடை.

"குதிரை எச்சியை என் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதியா? நல்லா இருக்கு."

"பிறகு நான் என்னதான் செய்ய?"

"கொட்டாத. அவ்வளவுதான். தண்ணியைக் கொட்டுத வீடு விளங்காது."

அது ஒண்ணும் புதுசாச் சொன்ன பேச்சு இல்ல. ஆவுடையைப் பெத்தவளும் அதைச் சொல்லித்தான் வளத்திருக்கா. நம்ம பக்கத்துல தண்ணியைக் கொட்டுதது பாவம். மறுநா விடியுமுன்ன ஆவுடை அடைப்புல கையை வச்சா. உள்ள பாதித் தண்ணி இருட்டாக் கிடக்கு. காதுல தங்கப்பழம் குரலு. கையை எடுத்துட்டா. குடம் குடமாப் புதுத் தண்ணியை மேல ஊத்துனா, தொட்டி நிறைஞ்சுது, பாக்க நல்லாத்தான் இருந்துது. பொம்பளைக ஒண்ணும் சொல்லல. தங்கப்பழம் வெத்தலை கூட நீட்டுனா. அதுக்கு அடுத்த நாளும் ஆவுடை அடைப்பைப் பிடுங்கல. அதுக்கடுத்தும் பிடுங்கல.

சோம்பேறிச் சிறுக்கி இல்ல அவ. யாருக்கும் கெடுதல் நினைக்கல. தண்ணியை மிச்சம் பிடிச்சா, அவ்வளவுதான்.

அது மேக்காத்து அடிக்கிற நேரம். அரளி இலை தொட்டிக்குள்ள விழுந்துது. மிதந்ததை எல்லாம் ஆவுடை காலையும் மாலையும் அரிச்சு எறிஞ்சா. அடியில போய்த் தங்குனது அவ கண்ணுல படல. அது ஊறிக்கிட்டே கிடந்துது.

ஒருநா உச்சிவெயில்ல செவலை வந்துது. முதுகுல உப்பு, பின்னால கருக்கல்.

"மதினி, இருக்கியா? நாக்கு செருப்பாப் போச்சு."

"வா மதினி. புள்ள என்ன, வளந்துட்டான்."

"வளந்து என்ன செய்ய, பேச்சுத்தான் கூடிப்போச்சு"ன்னு செவலை சிரிச்சுது. அப்புறம் வழக்கம்போலக் கேட்டுது, "தொட்டி கழுவியாச்சா?"

கெணத்தடியில தங்கப்பழம் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கா. இல்லைன்னு சொன்னா அவ முன்னால அடைப்பைப் பிடுங்கணும். பிடுங்கிட்டா மறுபடி நிறைக்கக் கெணறு ஊறதுக்கு அந்தி ஆயிரும். அது வரைக்கும் இதுக நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும். ஆவுடை தொட்டியை எட்டிப் பாத்தா. மேல தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்துது, அவ மொகமே தெரிஞ்சுது.

"ஆச்சு"ன்னா.

ஒத்தை வார்த்தை. அதுவரைக்கும் அவ பொய் சொன்னதே இல்ல, அதனால அது பொய் மாதிரியே கேக்கல.

செவலை குட்டியைத்தான் முதல்ல விட்டுது. தாய் எப்பவும் அப்படித்தான். கருக்கல் ரெண்டு மடக்கு உறிஞ்சிட்டுத் தலையைத் தூக்குச்சு.

"அம்மா, கசக்கு."

"கோடைக் கெணறு கசக்கத்தான் செய்யும். குடி."

"வேண்டாம்மா. அடியில என்னவோ நாத்தம் அடிக்கு."

செவலைக்குக் கோவம் வந்துட்டு. "மதினி ஆச்சுன்னு சொல்லிட்டா. நீ பொறக்கதுக்கு முன்னாலருந்து நான் இந்தத் தொட்டியில குடிக்கேன். அவ வார்த்தையை விட உன் நாக்கு பெருசோ? இதை விட்டா மலை வரைக்கும் சொட்டுத் தண்ணி கிடையாது. வயிறு நிறையக் குடி"ன்னுது.

ஆவுடைக்கு இது அத்தனையும் காதுல விழுந்துது. அந்த நேரத்துல கூடச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செஞ்சா. தங்கப்பழம் குடத்தைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுது, வாயை மூடிக்கிட்டா.

குட்டி நல்ல குட்டி. தாய் சொன்னதைக் கேட்டுது. கண்ணை மூடிக்கிட்டு, வயிறு நிறையக் குடிச்சுது.

குடிச்சுட்டு நிழலைப் பாத்து நடந்துது. செவலை குனிஞ்சு வாயை வைக்கப் போகும்போது பின்னால கால் மடங்குத சத்தம். திரும்பிப் பாத்தா குட்டி மண்ணுல கிடக்கு, வாயில நுரை. தங்கப்பழம் குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்தா. ஆவுடை குட்டி தலையைத் தூக்கி மடியில வச்சா. செவலை நக்கி நக்கிப் பாத்துது. "அம்மா, நான் குடிச்சேன்லா"ன்னுதான் கருக்கல் சொல்லிச்சு. அது பொறந்த அந்திக் கருக்கல் வரதுக்குள்ள உசிரு போயிருச்சு.

பிறகு செவலை தொட்டிகிட்ட வந்து நின்னுக்கிட்டு, கோவம் இல்லாம, மறுபடியும் அதையே கேட்டுது.

"மதினி, தொட்டி கழுவியாச்சா?"

ஆவுடை தோள்பட்டை வரைக்கும் கையை உள்ள விட்டா. அடியைத் தடவி எடுத்தா. கை நிறைய அரளி இலை, கறுத்து, கூழாப் போய், வழுவழுன்னு.

"இல்ல"ன்னா.

குதிரைச் சாதி மனுசங்ககிட்டக் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

மறுநா விடியுமுன்ன ஆவுடை அரளியை வேரோட வெட்டிப் போட்டா. அடைப்பைப் பிடுங்கினா. தொட்டிக்குள்ள இறங்குனவளுக்குப் பக்கத்துல இன்னொரு ஆளு இறங்குத சத்தம். தங்கப்பழம். கையில தேங்காநாரு. ரெண்டு பேரும் சேந்து தேய்ச்சாக. கை தோல் உரியுத வரைக்கும் தேய்ச்சாக. அதுக்கப்புறம் அந்த ஊருல தொட்டித் தண்ணியைப் பத்தி ஒருத்தி வாயைத் திறந்ததில்ல.

செவலை வந்து குடிக்கல. ஆத்து மணல்ல போய்க் குளம்பால பறிச்சுப் பறிச்சுப் பாத்துது. பஞ்சத்துல ஆத்துலயும் ஊத்து இல்ல. தாகம் தாங்காம ஒரு சாயங்காலம் தொட்டிக்கு வந்துது. ஆவுடை கைக்குழியில தண்ணியை அள்ளி, அதும் பக்கவாட்டுக் கண்ணுக்குத் தெரியுத மாதிரி நின்னுக்கிட்டு, முதல்ல தான் குடிச்சுக் காட்டுனா. செவலை அதைப் பாத்துக்கிட்டே நின்னுது. பிறகு குனிஞ்சு, மூக்கால தண்ணியை ஊதுச்சு. மேல்தண்ணி விலகி, அடித்தண்ணி நாத்தம் மேல வருதான்னு பாக்குத ஊதல். ரொம்ப நேரம் ஊதிப் பாத்துட்டுக் குடிச்சுது.

"மதினி"ன்னா ஆவுடை.

செவலை தலையைத் தூக்குச்சு. வாயில இருந்து தண்ணி சொட்டுச்சு. அப்படியே திரும்பிப் போயிருச்சு. அது தாகத்துக்குக் குடிச்சுதே தவிர, பேச்சு திரும்பல. ஆவுடை சாகுத வரைக்கும் அந்தத் தொட்டியைக் கழுவுனா. வார குதிரை ஒண்ணொண்ணு மொகத்தையும் பாப்பா, ஒண்ணாவது கேக்காதான்னு. ஒண்ணும் கேக்கல.

அன்னையிலருந்துதான் குதிரைக்குப் பேச்சு இல்ல. அது பேசாமப் போனதுக்கப்புறம்தான் மனுசன் அது வாயில இரும்பைப் போட்டான். எவன் எத்தனை பெரிய வாளியை நீட்டுனாலும், அன்னையிலருந்துதான் அது ஊதிப் பாத்துட்டுக் குடிக்கு. பிடிக்கலைன்னா தாகத்தோட நிக்கும், தன் குட்டியைக் குடின்னு ஒருநாளும் நெருக்காது. அதனாலதான் நம்ம வண்டிக்காரங்க, தொட்டியைத் தேய்ச்சுக் கழுவிட்டு, முதல் கைத் தண்ணியைத் தாங்களே குடிச்சுக் காட்டுதாக.

என்ன, இப்ப நம்புதியா இல்லியா? நம்பாட்டாப் போகட்டும். மொகத்தைத் துடைச்சுக்க. காத்து மாறிட்டு, வேலியில நிக்கது என்ன செடின்னு உனக்கே தெரியும். எந்திரி, அந்த வாளியை உள்ள கொண்டாட்டி. அப்படியே தேங்காநாரையும் எடுத்துட்டு வா.