சும்மா கிடந்த குட்டை

ஒரு காட்டில் நரி ஒன்று மந்திரியாக இருந்தது. தன் மனைவியின் தம்பியை அது கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புது மேடையின் மேலிருந்துதான். "அத்தான், முதல் வாய்த் தண்ணீர் இன்று எனக்குத்தான்!" என்று வாலை ஆட்டியபடி மச்சினன் ஊற்றை நோக்கி ஓடியது.

மேடை வந்த கதை இது. அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஊற்று. பாறையிடுக்கிலிருந்து இரவும் பகலும் நூல்போல ஒழுகி, கீழே ஒரு குட்டையில் தேங்கும். அந்திப் பொழுதில் மட்டும் சிங்கராஜா யாரையும் தொடமாட்டார். அதனால் எல்லா விலங்குகளும் அந்த நேரத்தில்தான் திரண்டு வந்து குடிக்கும். குட்டை வற்றும், மறுநாள் அந்திக்குள் நிரம்பிவிடும்.

சிங்கராஜாவுக்கு ஒரு மேடை போட ஆசை வந்தது.

"குட்டையைத் தூர்த்து அதன்மேல் போட்டுவிடலாம், அரசே" என்றது நரி. "ஊற்று ஒரு நாளில் தருவதும் காடு ஒரு நாளில் குடிப்பதும் சரிக்குச் சரி. பிறகு குட்டை எதற்கு? பகலெல்லாம் சும்மாதானே கிடக்கிறது?"

குட்டையில் குடியிருந்த ஆமை தலையை நீட்டியது. "ஊற்று நாள் முழுக்கத் தருகிறது, மந்திரியாரே. தாகம் நாள் முழுக்கவா வருகிறது?"

"உனக்கு வீடு போகிறதே என்ற கவலை!"

"அதுவும்தான்" என்றது ஆமை.

மேடை எழுந்தது. நரியின் மூளையைச் சபையே மெச்சியது.

அன்று அந்தியில் யானை, எருமை, மான், பன்றி எல்லாம் வந்தன. ஊற்று எப்போதும்போல நூலாகவே ஒழுகியது. மச்சினன் நக்க ஆரம்பித்ததும் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது.

"வரிசையில் நில்லுங்கள்! நாளை அந்திக்குள் எல்லாருக்கும் கிடைக்கும்!" என்று மேடையிலிருந்து கத்தியது நரி.

"இருட்டினால் ராஜா வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். நாளை அந்திவரை எங்களுக்கு உன் பாட்டனா காவல்?" என்று ஒரு கிழ எருமை முட்டிக்கொண்டு முன்னே போனது. அதன் பின்னால் மொத்தக் காடும் நெருக்கியது.

கூட்டம் கலைந்தபோது மச்சினன் ஊற்றடியில் நசுங்கிக் கிடந்தது. நாக்கு நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

"கணக்குத் தப்பிவிட்டதா?" என்று கேட்டது சிங்கம்.

"கணக்கில் பிழையே இல்லை, அரசே" என்றது நரி, தலையை நிமிர்த்தாமல்.

பிழை இல்லைதான். அன்றிரவு முழுக்க ஊற்று ஒழுகியது. குடிக்க ஆளில்லாத நீரை மணல் உறிஞ்சிக்கொண்டது. தாகத்தோடு திரும்பிய விலங்குகள் அடுத்த காட்டுக்குக் குடிபோயின.

மேடை மட்டும் நல்ல உறுதியாக இருக்கிறது.

நீதி: சும்மா கிடப்பதுபோல் தெரியும் சேமிப்புதான் நெருக்கடி வேளையில் நம்மைத் தாங்கும்.